சம்மந்தி வீட்டுத் தூக்குச்சட்டி

கவிழ்த்து வைத்திருந்த தூக்குச்சட்டி நிமிர்ந்து இருந்தது.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுத் தேயிலை போட அடுப்படிக்கு வந்த மைமூன் பீவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று மேல்தட்டில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், அவள் கையாலேயே கவிழ்த்து வைத்த சட்டி அது. இப்போது அடுப்பு மேடையில், மூடி போட்டு, கைப்பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரோ சற்றுமுன் இறக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. தொட்டாள். சுட்டது. அடுப்பைத் தொட்டாள். காலையில் கஞ்சி வைத்ததற்கு அப்புறம் பற்றவைக்காத அடுப்பு, சில்லென்று கிடந்தது.

மூடியைத் திறந்தாள். சட்டி காலி. அடியில் மஞ்சளாக ஒரு எண்ணெய் வளையம் மட்டும் ஒட்டியிருந்தது. சுட்ட உள்ளியும் நல்லமிளகும் சுக்கும் கலந்த மணம் மேலே வந்து முகத்தில் அடித்தது. ஆட்டுக்கால் சூப்பு. நல்ல மணம்தான். வயிறு நிறைந்தவனுக்கும் நாக்கில் நீர் ஊறும். மைமூன் சட்டென்று மூடியைப் போட்டாள்.

மேலப்பாளையத்தில், பாளையங்கால்வாயை ஒட்டிய தெருவில் இருந்த அந்த மாடி வீட்டில் அப்போது இருந்தது மூன்றே உயிர்கள். மைமூன், மருமகள் ஷம்ஸியா, ஷம்ஸியாவின் மடியில், பிறந்து இன்னும் நாற்பது நாள் கழியாத பெண் குழந்தை ஹனீன். மகன் ரசீத் ஷார்ஜாவில். பாத்திரம் துலக்க வரும் பிச்சைக்கண்ணு காலையிலேயே வந்து போய்விடுவாள். பிறகு யார்?

பேறு அறைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். ஷம்ஸியா கட்டிலில் சாய்ந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வழித்துக் குடித்த கிண்ணம்.

"சூப்பு நல்லாருந்துச்சு மாமி. எங்க உம்மா கைப்பக்குவம் அப்படியே இருந்துச்சு."

பக்கத்து வீட்டுக்காரி யாரோ புறவாசல் வழியாக வந்து, கையில் கிடைத்த சட்டியில் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்று மைமூன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சும்மா வருகிற புகழை வேண்டாம் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "குடிச்சாச் சரி, பால் ஊறணும்லா" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்தாள். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மணம் போகவில்லை. மறுபடி தேய்த்து, பழைய இடத்தில் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள்.

அந்தச் சட்டி ஷம்ஸியாவின் உம்மா ஆபிதா பீவியுடையது. ஆபிதா முக்கூடலில் பீடி சுற்றிப் பிழைத்தவள். மகள் அழகாக இருக்கிறாள் என்று பெண் கேட்டுப் போனவள் மைமூன்தான். கட்டிக்கொண்டு வந்த பிறகு சம்மந்தி வீட்டுத் தகரக் கூரையும் புகையிலைத் தூளும் அவள் கண்ணை உறுத்தின. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஊர் உலகமே வைத்திருக்க, பீடித்தூள் பறக்கிற வீட்டில் என் பேரப்பிள்ளை மூச்சு விடாது என்று ஒரே போடாகப் போட்டு மருமகளை அனுப்ப மறுத்துவிட்டாள். ஆபிதா எதிர்த்துப் பேசவில்லை. அதற்குப் பதில், பிள்ளை பிறந்த செய்தி கேட்டதும் ராவோடு ராவாக ஆட்டுக்கால் வாங்கி, கரியில் வாட்டி, சுரண்டி, விடியும்வரை கொதிக்க வைத்து, தூக்குச்சட்டியில் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள்.

வாசலில் மைமூன் மறித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை பெற்றவள் தூங்குகிறாள் என்றாள். சட்டியைக் கொடுங்கள், ஊற்றிவிட்டுக் கழுவித் தருகிறேன் என்றாள். ஆபிதா சட்டியை நீட்டினாள். சின்ன வயதிலிருந்து காலை மடக்கி, மடியில் பீடித்தட்டை வைத்தே உட்கார்ந்த கால்கள். நிற்கச் சொன்னால் நடுங்கும்.

"காலு ரெண்டும் கடுக்கு சம்மந்தி. உள்ள வந்து ஒரு ஓரமா இருந்துக்கிடட்டுமா?"

"இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு மைமூன் கதவைச் சாத்தினாள்.

சூப்பைப் புறவாசல் சாக்கடையில் கொட்டினாள். யார் மாமி வந்தது என்று உள்ளேயிருந்து ஷம்ஸியா கேட்டதற்கு மீன்காரன் என்றாள். பிறகு மத்தியானம் விசிறிக்கடியில் கண்ணயர்ந்தாள். எழுந்து கதவைத் திறந்தபோது அஸர் பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது, வாசலில் யாரும் இல்லை. வெயில் சாயும்வரை ஒரு வயசான பொம்பளை காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டே இருந்தாள் என்றும், படியில் உட்காரச் சொன்னதற்கு, சம்மந்தி வாரேன்னு சொல்லியிருக்காவ, அவுக வரும்போது நான் இருந்துக்கிட்டிருந்தா மரியாதை இல்லைன்னு சொல்லிவிட்டாள் என்றும் எதிர்வீட்டுக்காரி சொன்னாள். அன்றைக்கு முக்கூடல் போய்ச் சேர்ந்த பஸ்ஸில் எல்லாரும் இறங்கிய பிறகும் ஒருத்தி ஜன்னலில் தலை சாய்த்து இருந்தாள். கண்டக்டர் தட்டி எழுப்பிப் பார்த்திருக்கிறார்.

பிள்ளை பெற்றவளிடம் மௌத்துச் செய்தி, சாவுச் செய்தி சொன்னால் பால் வற்றிப்போகும் என்பார்கள். அது மைமூனுக்கு நல்ல வசதியாகப் போயிற்று. நாற்பது கழியட்டும், பைய சொல்லிக்கொள்ளலாம் என்று ரசீத்தையும் முக்கூடல்காரர்களையும் சம்மதிக்க வைத்தாள். கண் கெட்டுவிடும் என்று மருமகளின் கைப்பேசியை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். உம்மா ஏன் வரவில்லை என்று ஷம்ஸியா கேட்டபோதெல்லாம், கோபமாக இருப்பாள், பெரிய ரோஷக்காரிதானே என்று பதில் சொன்னாள். அடக்கத்துக்கும் போகவில்லை. பச்சைப்பிள்ளையை விட்டுவிட்டு எப்படி வர முடியும் என்று கேட்டதும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

மிச்சம் இருந்தது அந்தச் சட்டி ஒன்றுதான். அதைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் மத்தியானம் மைமூன் தூங்கக்கூடாது என்று உறுதியாக இருந்தாள். லுஹர் தொழுதுவிட்டு, புறவாசல் கதவு தெரிகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்தாள். ஐப்பசி மாதம். பொதிகைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. கால்வாயில் மழைத்தண்ணீர் இரைந்து ஓடுகிற சத்தமும், எங்கோ தெருக்கோடியில் தறி அடிக்கிற சத்தமும், பேறு அறையில் குழந்தை முனகுகிற சத்தமும் ஒன்றோடொன்று கலந்து காதுக்குள் மெத்தென்று இறங்கின. கண்ணிமை மேல் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல இருந்தது. அந்த உள்ளங்கையில் புகையிலை வாடை அடித்தது.

விழித்தபோது அஸர் பாங்கு. மூக்கில் மயிர் பொசுங்குகிற நாற்றம். ஆட்டுக்காலைக் கரியில் வாட்டும்போது வருமே, அதே நாற்றம். அடுப்படிக்குப் போனாள். அம்மிக்குழவி தரையில், ஒரு சத்தமும் கேட்காமல், பத்திரமாக இறக்கி வைக்கப்பட்டிருந்தது. சட்டி மேடையில் இருந்தது. சூடாக.

அன்றைக்குத்தான் இன்னொன்றையும் கவனித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்து, பாளையங்கோட்டையில் வைத்து இரும்புத் தகடு போட்டு, திருகாணிகளால் முடுக்கி அனுப்பியிருந்தார்கள். மழைக்கு முந்தின நாளே அந்த இடம் விண்விண்ணென்று தெறிக்கும். மேலப்பாளையத்துக்கே வானிலை அறிக்கை சொல்லுவேன் என்று அவளே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வாள். இப்போது வானம் உடைத்துக்கொண்டு ஊற்றுகிறது. கால் வலிக்கவில்லை. அழுத்திப் பார்த்தாள். கொஞ்சம்கூட வலிக்கவில்லை. தேய்க்கிற எண்ணெய் வேலை செய்கிறது என்று முதலில் சந்தோஷம்தான் பட்டாள்.

அடுத்த நாள் தொழுகைக்கு ஒளு செய்யும்போது அந்தச் சந்தோஷம் போயிற்று. காலைக் கழுவிக்கொண்டிருந்தவள் கையில் வலது காலின் கட்டைவிரல் பின்பக்கமாக மடங்கியது. ஊறிய தோல் மாதிரி, எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் போயிற்று. நிமிர்த்தி விட்டாள். மறுபடி சாய்ந்தது. செருப்பு காலில் நிற்காமல் கழன்று கழன்று விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அறைக்கு வர முடிந்தது.

ஷம்ஸியாவோ நாளுக்கு நாள் தேறிக்கொண்டு வந்தாள். கன்னம் பூரித்து, மேனி மினுமினுத்து, பால் குழந்தைக்குப் போக மிஞ்சி ரவிக்கையை நனைத்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தவளிடம், யார் கொண்டுவந்து கொடுத்தது என்று மைமூன் கேட்டேவிட்டாள்.

"உம்மாதான். பொறவாசல் வழியா வந்தாவ. ஒங்கள எழுப்பட்டான்னு கேட்டேன், வேண்டாம், அவ தூங்கட்டும்னாவ."

"எந்த உம்மா?"

"எனக்கு எத்தன உம்மா மாமி இருக்காவ?" என்று ஷம்ஸியா சிரித்தாள். "உம்மாவுக்குக் கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. அடுப்படியில நின்னுக்கிட்டேதான் வைக்காவ. இருங்க உம்மான்னா, இருக்கச் சொல்லலியேங்காவ."

உன் உம்மா மண்ணுக்குள் போய் எத்தனையோ நாளாயிற்று என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால், ஏன் மறைத்தாய் என்பாள். எப்படி மௌத்தானாள் என்பாள். எங்கே போய்விட்டு வந்த பஸ் என்பாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ராத்திரி ரசீத்தைக் கூப்பிட்டு அரைகுறையாக ஏதோ சொன்னாள். அலுப்பாக இருக்கும் உம்மா, நல்லாத் தூங்குங்க என்றான் அவன். தூங்கு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கைப்பேசியை வைத்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் இந்தச் சட்டிதான், இது வீட்டை விட்டுப் போனால் எல்லாம் போய்விடும் என்று காலையில் ஒரு தெளிவு வந்தது. பிச்சைக்கண்ணுவின் புருஷன் சங்கிலிபூதத்தான் லோடு ஆட்டோவில் முக்கூடல் பக்கம் வாழைத்தார் ஏற்றப் போகிறவன். அவனிடம் கொடுத்து ஆபிதா வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரச் சொல் என்று சட்டியைப் பிச்சைக்கண்ணுவின் கையில் திணித்தாள்.

பிச்சைக்கண்ணு மூடியைத் திறந்து பார்த்தாள். பலகாரமோ சோறோ வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பது அந்த ஊரில் யாரும் செய்கிற காரியமில்லை. ஒரு கை அரிசி, ஒரு கரண்டி சீனி, ஒன்றுமில்லாத வீட்டில் நாலு வெற்றிலையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அதிலும் சம்மந்தி வீட்டுப் பாத்திரம். வெறுமனே போனால், உன் உறவும் வேண்டாம் உன் சோறும் வேண்டாம் என்று முகத்தில் துப்பியதற்குச் சமம்.

"வெறுஞ்சட்டியாவா குடுத்து விடுதிய? ஒரு கை சீனியாவது போடுங்கம்மா."

மைமூனின் கைக்கெட்டும் தூரத்தில் சீனி டப்பா இருந்தது. கை அந்தப் பக்கம் போகக்கூடச் செய்தது. பயந்த நேரத்திலும் அந்தப் பழைய வீம்பு குறுக்கே விழுந்தது.

"செத்தவளுக்கு எதுக்குட்டி சீனி?" என்றாள்.

பிச்சைக்கண்ணு அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு மத்தியானம் மைமூன் தூங்கவில்லை. அடுப்படியில் வாடை இல்லை. சூப்பும் வரவில்லை. ஷம்ஸியா புறவாசலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ரசம் சோறு தின்றாள். மைமூனுக்கு உயிர் வந்தது. காலில் வலிகூட லேசாக வந்த மாதிரி இருந்தது. வலித்தால் நல்லது என்று முதல்முறையாக வலிக்கு ஆசைப்பட்டாள்.

மறுநாள் காலை பிச்சைக்கண்ணு வேலைக்கு வந்தாள், ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. சட்டியைக் கொடுத்தாயிற்றா என்று மைமூன் கேட்டாள். கொடுத்தாயிற்று என்றாள் அவள். புருஷன் போனபோது கதவு ஒருக்களித்துத் திறந்திருந்ததாம். குரல் கொடுத்ததும் உள்ளேயிருந்து ஒரு அம்மா கையை மட்டும் வெளியே நீட்டி வாங்கிக்கொண்டாளாம்.

"அது பூட்டுன வீடு" என்றாள் மைமூன். ஆபிதாவின் தம்பி பூட்டிச் சாவியைக் கொண்டுபோனது அவளுக்குத் தெரியும்.

பிச்சைக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். "வெறுஞ்சட்டியான்னு கேட்டாவளாம்மா. சட்டியில போட வேண்டியத, அவுக எங்கன இருந்தாலும் நான் வந்து வாங்கிக்கிடுதேன்னு சொல்லச் சொன்னாவளாம். எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரிலேர்ந்து காய்ச்சல். நான் இனும வரலம்மா."

அவள் தெருமுனை திரும்பும்வரை மைமூன் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டின் எல்லாக் கதவையும் தாழ்ப்பாள் போட்டாள். புறவாசல் கதவுக்குக் குறுக்கே மாவுத் தகர டப்பாவை நகர்த்தி வைத்தாள். நகர்த்தும்போது இடது காலும் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று தெரிந்தது. முழங்காலில் தவழ்ந்துதான் கட்டிலுக்கு வந்தாள். எதிர்வீட்டைக் கூப்பிடலாம் என்றால் கைப்பேசி கூடத்து மேசையில். கூடம் எங்கேயோ தூரத்தில் இருக்கிற ஊர் மாதிரி தெரிந்தது. பயம் போக ஆயத்துல் குர்ஸி ஓத ஆரம்பித்தாள். குழந்தையிலிருந்து ஓதியது. நடுவில் ஓரிடம் வரவில்லை. திரும்ப ஓதினாள். அதே இடத்தில் நின்றது.

மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. மின்சாரம் போயிற்று, விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றது. ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் சாக்கடையில் விழுகிற சத்தம், அவள் சூப்பைக் கொட்டிய அதே சாக்கடையில், கொட்டக் கொட்டத் தீராத மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. தூங்கக்கூடாது. உதட்டைக் கடித்தாள். தூங்கக்கூடாது. ரத்தம் உப்புக் கரித்தது. அந்த உள்ளங்கை வந்தது. புகையிலை வாடை. மெத்தென்று. இமையின் மேல்.

அஸர் பாங்கு கேட்டது. விழித்தாள்.

மயிர் பொசுங்குகிற நாற்றம்.

பிறகு சத்தம். சரக். சரக். கத்தி முதுகால் எதையோ சுரண்டுகிற சத்தம். நிதானமாக. அவசரமில்லாமல். நாளெல்லாம் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்து பழகிய கை.

அடுப்படியிலிருந்து வரவில்லை.

கட்டிலின் கால்மாட்டிலிருந்து வந்தது.

தலையைத் தூக்கினாள். அதற்கு மேல் உடம்பு வரவில்லை. கால்மாட்டில் ஒரு வெள்ளைத் துப்பட்டி. குனிந்த முதுகு. நின்றுகொண்டே குனிந்திருந்தது. பக்கத்தில் தகரத் தட்டில் கரி கனிந்து சிவந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. விரல் நுனிகள் பீடி இலை வெட்டி வெட்டிக் காய்த்துப் போன விரல் நுனிகள். சரக். கை எதையோ தூக்கிப் பார்த்தது. மறுபடி நெருப்பில் காட்டியது.

வலிக்கவில்லை.

"சம்மந்தி" என்றாள் மைமூன். குரல் எலிக்குஞ்சுச் சத்தமாக வந்தது. "சம்மந்தி, உள்ள வாங்க. இருங்க. இருங்க சம்மந்தி."

சுரண்டுவது நின்றது. துப்பட்டி திரும்பவில்லை.

"இருங்க, வாரேன்" என்றது. மைமூன் அன்றைக்கு வாசலில் சொன்ன அதே குரலில், அதே அவசரத்தில், கதவைச் சாத்துகிற சத்தத்தோடு சேர்த்து.

மறுபடி சரக். சரக்.

"ஷம்ஸியா!" இப்போது கத்தினாள். "ஏ புள்ள, ஷம்ஸியா!"

செருப்புச் சத்தம் கேட்டது. கைப்பேசி வெளிச்சம் உள்ளே வந்தது. மைமூன் பீரோவில் பூட்டி வைத்த கைப்பேசி. ஷம்ஸியா ஒரு தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, மற்றொரு கையில் கிண்ணத்தோடு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெளிச்சம் பட்டதும் கால்மாட்டில் துப்பட்டி இல்லை. கரித்தட்டு இல்லை. மைமூனுக்கு அழுகை வந்தது. மருமகளின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, அது ஒங்க உம்மா இல்ல. கேளு. ஒங்க உம்மா மௌத்தாயிட்டா. நான் ஒங்கிட்டச் சொல்லல. மௌத்தாயிட்டா புள்ள. இனும அவ எது குடுத்தாலும் குடிக்காத."

ஷம்ஸியா சூப்பை ஊதி ஒரு வாய் குடித்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது.

"தெரியும் மாமி" என்றாள். "மொத நாளே உம்மா சொன்னாவ. மீன்காரன்னு சொன்னியள்லா, அதையும் சொன்னாவ."

குழந்தை தோளில் ஏப்பம் விட்டது. ஷம்ஸியா மறுபடி குடித்தாள். கிண்ணத்துக்குள் எதுவோ கிண்ணென்று தட்டியது. அவள் முகத்தைச் சுளித்து, வாய்க்குள் நாக்கால் துழாவி, விரலை விட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சின்னத் திருகாணி. வெள்ளை இரும்பு. மினுமினுவென்று.

மைமூன் போர்வையை விலக்கினாள்.

முழங்கால் வரைக்கும் கால் இருந்தது. அதற்குக் கீழே தோல் மட்டும், பஞ்சைப் பிடுங்கிய தலையணை உறையாக, மெத்தையோடு படிந்து கிடந்தது. நகங்கள் இருந்தன. முன்பு வைத்த மருதாணிகூட இருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. விரல் அமுங்கி மெத்தையில் இடித்தது.

"வெறுஞ்சட்டியா குடுத்து விட்டியளாம்" என்றாள் ஷம்ஸியா. கோபமில்லாமல், வீட்டுக் காரியம் பேசுகிற குரலில். "உம்மாவுக்கு அதான் மனசு ஆறல. நாப்பது கழிஞ்சதும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு முக்கூடலுக்குப் போவேன்லா. அப்பம் சட்டிய நெறச்சுக் கொண்டு வந்து குடுன்னு சொல்லியிருக்காவ."

கைப்பேசியைக் கீழே சாய்த்தாள். கட்டிலுக்கு அடியில் தூக்குச்சட்டி மூடி திறந்து இருந்தது. உள்ளே, வாட்டிச் சுரண்டி, மஞ்சள் போட்டு அலசிய எலும்புகள், வெள்ளை வெளேரென்று, வரிசை தப்பாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நடுவில் ஓட்டை ஓட்டையாக அந்த இரும்புத் தகடு. ஷம்ஸியா குனிந்து திருகாணியை அதற்குள் போட்டாள். ணங் என்றது. கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை அண்ணாந்து குடித்தாள். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே எழுந்து போனாள். போகும்போது வெளிச்சத்தையும் கொண்டுபோனாள்.

இருட்டில் எவ்வளவு நேரம் கிடந்தாளோ, பொழுதடைந்து மஃரிப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். மைமூன் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கையை ஊன்றி எழப் பார்த்தாள். ஊன்றிய கை மணிக்கட்டில் மடிந்தது. மடிந்தது, மடிந்த இடத்திலேயே கிடந்தது.

கால்மாட்டில் கரி சிவந்தது.

சரக்.

வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. சட்டியில் இன்னும் இடம் இருந்தது.